சங்கத்துக்குச் சந்தா கட்டி என்ன கிடைக்கிறது? நெல்லைப் பக்கத்து அரசு ஊழியர்கள் சொல்லுங்கள்

அம்பை_இளநிலை

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருக்கிறேன். குரூப் 4 எழுதி வந்தவன், இன்னும் பழக்கம் போதாது. சம்பளம் ஏறிய மறுநாளே சங்கத்துக்காரர் ரசீதுப் புத்தகத்தோடு மேசைக்கு வந்துவிடுகிறார். சந்தா பெரிய தொகை இல்லை. ஆனால் மாநாட்டு நிதி, போராட்ட நிதி, டைரி, காலண்டர் என்று ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது. எங்கள் அலுவலகத்திலேயே மூன்று சங்கம். மூன்று பேருமே அகவிலைப்படி நாங்கள் வாங்கிக் கொடுத்தது என்கிறார்கள். மத்திய அரசு அறிவித்தால் நம் அரசும் பின்னாலேயே அறிவிக்கிறது, இதில் இவர்கள் வாங்கிக் கொடுக்க என்ன இருக்கிறது? சம்பளம், ஓய்வூதியம் விஷயத்தில் சங்கம் என்னதான் வேலை செய்கிறது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். திட்டாமல் சொன்னால் நல்லது.

கணக்குப்பிள்ளை

டைரி நல்ல டைரிதான். விடுப்பு விதி, பயணப்படி விகிதம் எல்லாம் பின்பக்கம் அச்சடித்திருப்பார்கள். அதற்காகவே வாங்கலாம்.

பொருநைக்கரை

தம்பி, அகவிலைப்படி தானாக வருகிறது என்று நினைப்பது புதிதாக வந்தவர்களுக்கு சகஜம். கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள். கொரோனா சமயத்தில் 2020 ஜனவரி, 2020 ஜூலை, 2021 ஜனவரி என்று மூன்று தவணையை மத்திய அரசு நிறுத்தி வைத்தது. நாமும் 17 சதவீதத்தில் நின்றோம். மத்திய அரசு 2021 ஜூலையிலிருந்து கணக்குப் போட்டு 31 சதவீதம் ஆக்கிவிட்டது. நமக்கு அந்த 31 வந்தது 2022 ஜனவரி 1 முதல். நடுவில் ஆறு மாதம் போனது போனதுதான். உங்கள் பதவியின் ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 19,500. அதில் 14 சதவீதம் 2,730. ஆறு மாதத்துக்கு 16,380 ரூபாய். முதலில் 2022 ஏப்ரலில்தான் தருவோம் என்று சொல்லியிருந்தார்கள். சங்கங்கள் சும்மா இருந்திருந்தால் இன்னும் மூன்று மாதம் போயிருக்கும்.

இதைவிடப் பெரிய அடி ஏழாவது ஊதியக்குழு. சம்பளத்தை 2016 ஜனவரி 1 முதல் கருத்தியலாக, அதாவது காகிதத்தில் மட்டும், திருத்தினார்கள். கையில் பணம் 2017 அக்டோபர் 1 முதல். 21 மாத நிலுவை இன்றுவரை கோரிக்கைப் பட்டியலில் ஒரு வரியாக உட்கார்ந்திருக்கிறது. மத்திய அரசு ஊழியர் யாருக்கும் இந்த நிலை வரவில்லை. ஆகவே தானாக வருவது என்று ஒன்றும் இல்லை. எப்போது வரும், எந்தத் தேதியிலிருந்து வரும் என்பதில்தான் சண்டை முழுவதும். அந்த மூன்று சங்கமும் நான்தான் வாங்கினேன் என்று சொல்வதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கல்யாண வீட்டில் பந்தி முடிந்த பிறகு எல்லாரும்தான் ஓடியாடி வேலை பார்த்ததாகச் சொல்வார்கள்.

அம்பை_இளநிலை

இந்தக் கணக்கை எங்கள் அலுவலகத்தில் யாருமே சொல்லவில்லை அண்ணாச்சி. சரி, போராட்டம் என்றால் எப்படி? மத்தியானம் கேட்டுக்கு வெளியே நின்று கோஷம் போடுவதால் சென்னையில் நிதித்துறைக்குக் காது கேட்குமா?

பொருநைக்கரை

கேட்கும், நேராக அல்ல. கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸ் முன்னால் வாயிற்கூட்டம் பார்த்திருக்கிறீர்களா? உணவு இடைவேளைக்கு மணி ஆகும்போது மைக் செட் வந்துவிடும். முதலில் பத்துப் பேர் நிற்பார்கள். மாவட்டச் செயலாளர் பேச ஆரம்பித்த பிறகு கருவூலத்திலிருந்து நாலு பேர், புள்ளியியலிலிருந்து இரண்டு பேர், சாப்பாட்டு டப்பாவை மேசையில் வைத்துவிட்டு வருவார்கள். ஓரமாக வேப்ப மரத்தடியில் பைக்கில் சாய்ந்துகொண்டு ஒருவர் சின்ன நோட்டில் தலைகளை எண்ணிக்கொண்டிருப்பார். அவர் போலீஸ் தனிப்பிரிவு ஏட்டு. நாங்கள் பத்திரிகைக்கு 200 பேர் என்று கொடுப்போம். அவர் மேலே 80 என்று கொடுப்பார். அரசாங்கம் பார்ப்பது அவர் கணக்கை. எல்லா மாவட்டத்திலும் அந்த 80 போன மாதம் 50 ஆக இருந்தது, இப்போது 80, அடுத்து 150 ஆகிறதா என்றுதான் பார்ப்பார்கள். கோஷம் யாருக்கு வேண்டும்.

அதனால்தான் படிப்படியாகப் போவது. கோரிக்கை அட்டை அணிந்து வேலை பார்ப்பது முதல் படி. அப்புறம் வாயிற்கூட்டம், மாலை நேர ஆர்ப்பாட்டம், ஒருநாள் தர்ணா, தற்செயல் விடுப்புப் போராட்டம், ஒருநாள் அடையாள வேலைநிறுத்தம். கடைசியில் காலவரையற்றது. ஒவ்வொரு படியிலும் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட அரசுக்கு ஒரு வாய்ப்பு. வேலைநிறுத்தம் நடத்துவது இலக்கே இல்லை. நோட்டீஸ் கொடுத்த தேதிக்கு முந்தைய வாரம்தான் இலக்கு. ஆயத்த மாநாடு என்று ஊர் ஊராகப் போடுவார்களே, அதுவும் பாதி நமக்கு, பாதி கோட்டைக்கு.

இப்போது நடந்ததையே எடுங்கள். ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ 2025 நவம்பர் 18 அன்று ஒருநாள் அடையாள வேலைநிறுத்தம் செய்தது. 2026 ஜனவரி 6 முதல் காலவரையற்றது என்று அறிவித்தது. ஜனவரி 3 அன்று முதல்வர் ஓய்வூதியத் திட்டத்தை அறிவித்தார். ஆறாம் தேதி எல்லாரும் வேலைக்குப் போனார்கள்.

கணக்குப்பிள்ளை

அதை வெற்றி என்று சொல்லலாமா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது அண்ணாச்சி. 2003 ஏப்ரல் 1க்கு முன் சேர்ந்தவருக்கு ஓய்வூதியத்துக்கென்று சம்பளத்தில் ஒரு பைசா பிடித்தம் கிடையாது. அவர் பொது வருங்கால வைப்பு நிதியில் போடுவது அவர் சேமிப்பு. தம்பிக்கு அப்படி இல்லை. 2025 ஜூலைக் கணக்குப்படி 19,500க்கு 58 சதவீதம் அகவிலைப்படி 11,310. இரண்டும் சேர்ந்து 30,810. அதில் 10 சதவீதம் 3,081 ரூபாய் மாதாமாதம் சிபிஎஸ், அதாவது பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் என்று போகிறது. புதுத் திட்டத்தில் கடைசிச் சம்பளத்தில் 50 சதவீதம் உறுதி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அகவிலைப்படி உண்டு, குடும்ப ஓய்வூதியம் அதில் 60 சதவீதம், பணிக்கொடை 25 லட்சம் வரை. எல்லாம் சரி. ஆனால் அந்த 10 சதவீதப் பிடித்தம் தொடர்கிறது. பழைய ஓய்வூதியம் என்று திமுக 2021 தேர்தல் அறிக்கையில் சொன்னது இது அல்ல. அதனால்தான் சில சங்கங்கள் இனிப்பு வழங்கியபோது சில சங்கங்கள் ஏற்க மாட்டோம் என்றன.

பொருநைக்கரை

உண்மைதான். ஆனால் அதற்கு முந்தைய நாள்வரை என்ன இருந்தது? சிபிஎஸ்ஸில் ரிட்டயர் ஆனவர் கட்டிய பணத்தையும் அரசு பங்கையும் மொத்தமாக வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். மாதம் ஒரு ரூபாய் ஓய்வூதியம் இல்லை. மத்திய அரசு போல ஓய்வூதிய ஒழுங்குமுறை ஆணையத்திலும் நம் அரசு சேரவில்லை. பணம் அரசு கணக்கிலேயே கிடந்தது. 20 வருடம் கத்தியதற்குப் பாதி கிடைத்திருக்கிறது. பாதி என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

முக்கூடல்காரன்

எல்லாரும் பேசி முடித்தாச்சா? நான் அரசு ஊழியன் இல்லை. எங்க அம்மா பீடி சுற்றியவள். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து முறத்தை மடியில் வைத்துக்கொண்டு இலையும் தூளுமாகத்தான் அவளைப் பார்த்திருக்கிறேன். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. அதிலும் இலை சரியில்லை, பீடி தரமில்லை என்று கழித்துவிடுவார்கள். கடைசியில் பிஎஃப் ஓய்வூதியம் எவ்வளவு தெரியுமா? 2014 செப்டம்பரில் குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று வைத்தார்கள். இன்றைக்கும் அதே 1,000. அதற்கு அகவிலைப்படி கிடையாது, ஊதியக்குழு கிடையாது. நீங்கள் 50 சதவீதமா, பிடித்தம் உண்டா இல்லையா என்று சண்டை போடுகிறீர்கள்.

வாரிசுச் சான்றுக்கு ஒரு ஆபீசில் நான் நடந்த நடை எனக்குத்தான் தெரியும். அங்கே இருந்த ஒருவரும் சங்க பேட்ஜ் குத்தியிருந்தார். கலெக்டர் ஆபீஸ் முன்னால் உங்களுக்கு ஷாமியானா, மைக் செட், போலீஸ் பந்தோபஸ்து. அதே கலெக்டர் ஆபீசுக்கு 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலை எஸ்டேட் ஆட்களுக்காக மனு கொடுக்க ஊர்வலம் போனவர்களில் 17 பேர் ஆற்றில் பிணமாக மிதந்தார்கள். அவர்கள் கேட்டதும் கூலி உயர்வுதான்.

கணக்குப்பிள்ளை

என்னவே, அதுக்கும் இதுக்கும் முடிச்சுப் போடுதீரு. அது வேற கதை.

முக்கூடல்காரன்

எதுவும் வேற கதை இல்லை வே. ஒரே வாசல்தான்.

பாளை_வழக்காடி

சட்டப்படி இரண்டு விஷயம் சொல்கிறேன், யார் பக்கமும் சேராமல். சங்கம் வைப்பது அடிப்படை உரிமை. அமைதியான ஆர்ப்பாட்டமும் அப்படியே. 1962ல் காமேஷ்வர் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் அரசு ஊழியர்களுக்கும் அது உண்டு என்றது. ஆனால் வேலைநிறுத்தம் உரிமை இல்லை என்று அதே தீர்ப்பு சொன்னது. 2003 ஆகஸ்ட் 6 அன்று டி.கே. ரங்கராஜன் வழக்கில் இன்னும் கடுமையாக, அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை என்று சொல்லிவிட்டது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள் 1973ல் 20, 22, 22ஏ என்று வேலைநிறுத்தச் சுற்றறிக்கையில் தலைமைச் செயலர் எப்போதும் குறிப்பிடுவது இதைத்தான். வேலை இல்லையேல் சம்பளம் இல்லை என்பதும் அதே சுற்றறிக்கையில் வரும்.

போக்குவரத்துக் கழகத்துக்காரர்கள் கதை வேறு. வண்ணார்பேட்டை டிப்போவில் இருப்பவர் முன்பு தொழிற்தகராறு சட்டத்தின்படி, 2025 நவம்பரிலிருந்து அதற்குப் பதிலாக வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்தின்படி தொழிலாளி. முன்னறிவிப்பு கொடுத்து வேலைநிறுத்தம் செய்யலாம், நிர்வாகத்தோடு ஊதிய ஒப்பந்தம் போடலாம். தாலுகா ஆபீஸ்காரருக்கு ஒப்பந்தமே கிடையாது. அவர் கேட்பார், அரசு ஆணை போடும். அவ்வளவுதான். இந்த வேறுபாடு தெரியாமல்தான் பஸ் ஊழியர் வாங்கிவிட்டார், நாம் வாங்கவில்லை என்று பலர் பேசுகிறார்கள்.

பொருநைக்கரை

வழக்கறிஞர் 2003ஐத் தொட்டதால் அதையும் சொல்லிவிடுகிறேன். இப்போது வந்தவர்களுக்குக் கதை போலத்தான் இருக்கும். அந்தச் சலுகை வெட்டு, இந்தச் சலுகை வெட்டு என்று போய்க்கொண்டிருந்தபோது 2003 ஜூலை 2 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது. டெஸ்மா என்ற அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டம் பாய்ந்தது. தலைவர்களை இரவோடு இரவாக வீட்டிலிருந்து தூக்கினார்கள். சுமார் 1,70,000 பேர் டிஸ்மிஸ். விசாரணை இல்லை, குறிப்பாணை இல்லை. வருவாய்த்துறையில் என் பக்கத்து நாற்காலிக்காரர் பேப்பரில் பட்டியல் பார்த்துத்தான் வேலை போனதைத் தெரிந்துகொண்டார். மூத்த மகளுக்கு நிச்சயம் செய்திருந்த சமயம். மாப்பிள்ளை வீட்டார் பாவம், நல்ல மனிதர்கள், தேதியை மட்டும் தள்ளி வைத்தார்கள். உச்ச நீதிமன்றத்தில் மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதிக் கொடுத்த பிறகே பெரும்பாலோர் உள்ளே வந்தார்கள்.

ஒன்று கவனியுங்கள். வேலைநிறுத்தம் உரிமை இல்லை என்ற அந்தத் தீர்ப்பு வந்த தேதி 2003 ஆகஸ்ட் 6. புதிய ஓய்வூதியத் திட்டத்துக்கு நிதித்துறை போட்ட அரசாணை 259க்கும் அதே தேதிதான். ஏப்ரல் 1 முதல் முன்தேதியிட்டு அமல். சங்கம் எழுந்து நிற்க முடியாமல் கிடந்த நாளில்தான் ஓய்வூதியம் போனது. தம்பி, சங்கம் என்ன செய்கிறது என்று கேட்டீர்களே, சங்கம் செயலிழந்தால் என்ன நடக்கும் என்பதற்கு உங்கள் சம்பளச் சீட்டில் அந்த 3,081 ரூபாய் சாட்சி.

அடுத்த மே மாதம் நாடாளுமன்றத் தேர்தலில் ஆளுங்கட்சி ஒன்றுகூட ஜெயிக்கவில்லை, 39 தொகுதியும் எதிரணிக்குப் போனது. சில நாட்களிலேயே நடவடிக்கைகள் எல்லாம் ரத்து. 2019 ஜனவரி 22ல் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் 17பி என்ற ஒழுங்கு நடவடிக்கைக் குறிப்பாணை வாங்கியவர்கள் மேல் இருந்த நடவடிக்கை எப்போது வாபஸ் ஆனது? 2021 பிப்ரவரி. ஓய்வு வயது 60 ஆனதும் அதே பிப்ரவரிதான். விடுப்பைக் கொடுத்துப் பணம் வாங்கும் சரண்டர் விடுப்பு 2020லிருந்து நின்றது, 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் 110 விதியில் அறிவித்து அக்டோபர் 1 முதல் திரும்ப வந்தது. தேர்தலுக்கு முந்தைய பட்ஜெட் கூட்டத் தொடர். சங்கத்தின் காலண்டர் என்று சும்மா கொடுக்கவில்லை பாருங்கள்.

நாங்குநேரி_டீச்சர்

ஓய்வு வயது 60 ஆனதைச் சாதனைப் பட்டியலில் சேர்க்காதீர்கள் ஐயா. 2020 மேயில் 58ஐ 59 ஆக்கியது பணிக்கொடையை அந்த வருடம் கொடுக்காமல் தள்ளிப்போடத்தான். நாங்கள் யாரும் கேட்கவில்லை. டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வு பாஸ் செய்து வீட்டில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்குத்தான் இரண்டு வருடம் போனது.

இன்னொன்று. 2009 மே 31 வரை சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை 8,370. மறுநாள் ஜூன் 1 அன்று சேர்ந்தவருக்கு 5,200. ஒரே பள்ளி, ஒரே வகுப்பு, ஒரே கரும்பலகை. ஒருநாள் பின்னால் ஆணை வாங்கியதற்கு 3,170 ரூபாய் குறைவு, அதன் மேல் ஏறும் எல்லாமும் குறைவு. ஏழாவது ஊதியக்குழு வந்தபோது இந்தப் பள்ளம் பெருகித்தான் போனது. பெரிய கூட்டமைப்பில் இது ஒரு கோரிக்கை, அவ்வளவே. அங்கே பத்தில் ஒன்றாகக் கிடந்து பயனில்லை என்றுதான் எங்கள் ஆட்கள் சம வேலைக்குச் சம ஊதியம் என்று தனியாக இயக்கம் கட்டிச் சென்னைக்குப் போய் உட்கார்கிறார்கள். கைக்குழந்தையோடு போய் மண்டபத்தில் அடைபட்டு வந்த டீச்சர்கள் எங்கள் ஒன்றியத்திலேயே இருக்கிறார்கள்.

மானூர்_அக்கா

பத்தில் ஒன்றாவது நீங்கள் இருக்கிறீர்கள் டீச்சர். நான் சத்துணவு அமைப்பாளர். எல்லாப் போராட்டத்திலும் எங்களுக்கு இடம் உண்டு, முன் வரிசையில். பெண்கள் கூட்டம் வேண்டும், பந்தல் நிறைய வேண்டும் என்றால் சத்துணவு, அங்கன்வாடி, கிராம உதவியாளர், சாலைப் பணியாளர் எல்லாருக்கும் போன் வரும். அடுப்பை உதவியாளரிடம் விட்டுவிட்டு பஸ் ஏறி வருவோம். பேச்சுவார்த்தைக்கு உள்ளே போகும்போது எங்கள் ஆள் ஒருவர் கடைசியில் போவார். வெளியே வந்ததும் உங்கள் கோரிக்கை பரிசீலனையில் இருக்கிறது என்பார்கள்.

1982ல் எம்ஜிஆர் திட்டம் கொண்டுவந்த காலத்திலிருந்து எங்களைத் தொகுப்பூதியம், அப்புறம் சிறப்புக் காலமுறை ஊதியம் என்றுதான் வைத்திருக்கிறார்கள். முறையான காலமுறை ஊதியம் கேட்டு எத்தனை மாநாடு. எங்கள் சிறப்பு ஓய்வூதியம் வருடக்கணக்காக 2,000 ரூபாயாகவே கிடந்தது. பீடித் தம்பி சொன்ன ஆயிரத்துக்கு ஒரு படி மேல், அவ்வளவுதான். ஆள் போடாததால் இரண்டு மூன்று மையத்தை ஒருத்தியே பார்க்க வேண்டியிருக்கிறது. உணவூட்டுச் செலவினம் என்று பிள்ளைக்கு இவ்வளவு என்று தருவார்கள். தக்காளி விலை ஏறும் மாதத்தில் அது காணாது, கைக்காசு போட்டுக் குழம்பு வைக்கிறோம். 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் வந்தபோது எங்களிடம் கொடுங்கள் என்று கேட்டோம். சமைக்கும் இடம், பாத்திரம், பிள்ளைகள் எல்லாம் எங்களுக்குத் தெரியும். சுய உதவிக் குழுவுக்குப் போனது.

நான் சங்கத்தை விட்டுப் போகச் சொல்லவில்லை. சங்கம் இல்லாவிட்டால் இந்தக் காலமுறைகூட வந்திருக்காது. ஆனால் கோரிக்கைப் பட்டியலில் எங்களை எட்டாவதாகவோ ஒன்பதாவதாகவோ எழுதுகிறீர்களே, ஒருமுறை முதலில் எழுதிப் பாருங்கள்.

பொருநைக்கரை

அக்கா சொல்வதை மறுக்க மாட்டேன். பட்டியலில் முதல் கோரிக்கைக்குத்தான் கை வரும். பழைய ஓய்வூதியத்தை முதலில் வைத்தோம், ஏதோ வந்தது. சாலைப் பணியாளர்களின் 41 மாதப் பணிநீக்கக் காலத்தைப் பணிக்காலமாக்குவது எத்தனை வருடமாகப் பட்டியலில் இருக்கிறது. அவர்களை 2002ல் நீக்கி 2006ல் திரும்ப எடுத்தார்கள். கோர்ட்டுக்கும் போய்ப் பார்த்தாகிவிட்டது. இடையில் எத்தனையோ பேர் செத்தே போனார்கள். ஓட்டு எண்ணிக்கை குறைவு, நிதித்துறைக்கு அவசரமும் இல்லை. இதில் தப்பு எங்கள் தலைமைகள் மேலும் உண்டு. மேல்மட்டத்தில் பேசப் போகிறவர்கள் காலமுறை ஊதியம் வாங்குகிறவர்கள். யாருக்குத் தன் செருப்புக் கடி தெரியுமோ அதைத்தான் முதலில் சொல்வார்.

முக்கூடல்காரன்

அக்கா பேசினதைக் கேட்ட பிறகு எனக்குக் கோபம் பாதி குறைந்தது. மீதி குறையாது. இந்த ஓய்வூதியத்துக்கு வருடம் பல ஆயிரம் கோடி ஆகும் என்கிறார்கள். அந்தப் பணத்தில் பீடி சுற்றியவளும் தீப்பெட்டி வாங்குகிறபோதெல்லாம் வரி கட்டுகிறாள். கேட்கிற உங்களுக்கு ஒரு வரியாவது எங்கள் பிஎஃப் ஓய்வூதியத்தை உயர்த்து என்று தீர்மானத்தில் போட மனசு வரவேண்டாமா?

பாளை_வழக்காடி

அது மத்திய அரசின் 1995 ஓய்வூதியத் திட்டம். மாநில ஊழியர் சங்கத் தீர்மானம் நேரடியாக எதுவும் செய்யாது. ஆனால் மத்திய தொழிற்சங்கங்கள் அதையும் கேட்கின்றன. பொது வேலைநிறுத்தங்களில் குறைந்தபட்ச ஓய்வூதியத்தை உயர்த்து என்பது வழக்கமான கோரிக்கை.

முக்கூடல்காரன்

வழக்கமான கோரிக்கை. சரிதான்.

அம்பை_இளநிலை

எல்லாருக்கும் நன்றி. கேட்டது சந்தாவைப் பற்றி, எங்கேயோ போய்விட்டது. மூன்று சங்கத்தில் எதில் சேருவது என்று யாராவது சொல்லுங்களேன்.

நாங்குநேரி_டீச்சர்

ஆண்டுப் பொதுக்குழுவில் வரவு செலவை வாசிக்கும் சங்கத்தில் சேருங்கள். வாசிக்காத சங்கம் எது என்று உங்கள் அலுவலகத்திலேயே தெரியும்.

கணக்குப்பிள்ளை

அதற்கு முன்னால் ஒரு வேலை. உங்கள் சிபிஎஸ் கணக்குத்தாளை இறக்கி, மாதவாரியாகச் சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிடித்தம் ஆகியும் கணக்கில் ஏறாத மாதம் பலருக்கு இருக்கிறது. மாறுதல் ஆன மாதம், அகவிலைப்படி நிலுவை வாங்கிய மாதம் இரண்டையும் முக்கியமாகப் பாருங்கள். விடுபட்டிருந்தால் பட்டியல் எண், தேதியோடு சம்பளம் வழங்கும் அலுவலர் மூலமாக எழுத வேண்டும். நீங்களே எழுதினால் பதில் வர நாளாகும். அந்த மூன்று பேரில் எவர் உங்களோடு கருவூலத்துக்கு நடந்து வருகிறாரோ அவரிடம் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

மானூர்_அக்கா

கருவூலத்துக்குப் போவதானால் செவ்வாய்க்குப் பிறகு போங்க தம்பி. திங்கட்கிழமை மனு நாள், கலெக்டர் ஆபீசில் நிற்க இடம் இருக்காது.